விதை எண்ணெய் அழற்சியைக் கூட்டுமா, மீன் எண்ணெய் குறைக்குமா?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கட்டிப் போட்டிருக்கிறார். ஒமேகா-6 நிறைந்த விதை எண்ணெய்கள் உடலில் அழற்சியைத் தூண்டுகின்றனவா? ஒமேகா-3 அதை எப்படி அடக்குகிறது? மூன்று வாரமாக மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டும் ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி.யின் அளவு இறங்கவில்லையே, ஏன்?

முதல் கேள்விக்கு என் பதில் "இல்லை" என்பதுதான். ஆனால் ஒரு காலத்தில் நானே எண்ணெய்களை நல்லது, கெட்டது என்று இரண்டு பெட்டியில் போட்டவன். அதை உடைத்தது ஒரு சின்ன அவமானம்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்களைத் தட்டில் வளர்த்து அவற்றுக்குப் பாமிட்டிக் அமிலம் ஊட்டுவது என் வேலை. 16 கார்பன் கொண்ட நிறைவுற்ற கொழுப்பு அமிலம் அது. அறை வெப்பத்தில் மெழுகு போலக் கட்டியாக இருக்கும், தண்ணீரில் கரையாது. சூடாக்கி, மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அல்புமின் புரதத்தின்மேல் ஏற்றித்தான் செல்களுக்குக் கொடுக்க வேண்டும். சூடு கொஞ்சம் தணிந்தாலும் குழாயின் உட்புறம் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இப்படி மல்லுக்கட்டி ஊட்டிய செல்களை மறுநாள் பார்த்தால் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தை அள்ளிக் கொட்டியிருந்தன. குறிப்பேட்டில் எழுதி இரண்டு அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

பேராசிரியர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "வெறும் அல்புமின் மட்டும் கொடுத்த செல்கள் எங்கே தம்பி?" என்று கேட்டார். தட்டில் அப்படி ஒரு குழியை நான் ஒதுக்கவே இல்லை. அடுத்த முறை வைத்தேன். கொழுப்பே காணாத அந்தச் செல்களும் ஏறத்தாழ அதே அளவு கொட்டியிருந்தன. அல்புமினில் பாக்டீரியாவின் உறைத் துணுக்கான எண்டோடாக்சின் கலந்திருந்தது. அது நானோகிராம் அளவில் இருந்தாலே மேக்ரோஃபேஜ் கொதித்துப்போகும். அடிக்கோட்டை அழிக்கவும் முடியவில்லை, பேனாவில் போட்டது.

இது என்னோடு நின்ற குழப்பம் இல்லை. நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் எண்டோடாக்சினுக்கான டி.எல்.ஆர்.-4 என்ற ஏற்பியையே தூண்டுகின்றன என்று 2001இல் ஒரு ஆய்வு சொன்னது. அப்படித் தெரிவதற்கு மாசுபட்ட அல்புமின் காரணமாக இருக்கலாம் என்று 2009இல் இன்னொன்று சொன்னது. 2018இல் வந்த ஆய்வு நடுவில் ஒரு வழி காட்டியது: பாமிட்டிக் அமிலம் அந்த ஏற்பியில் போய் ஒட்டுவதில்லை. ஆனால் அந்த ஏற்பி வழியாக முன்பே உசுப்பப்பட்ட செல்லில்தான் அதன் வேலை நடக்கிறது. அத்தகைய செல்லுக்குள் பாமிட்டிக் அமிலம் மிதமிஞ்சிச் சேர்ந்தால் செராமைடு என்ற கொழுப்பாக மாறுகிறது, உட்சவ்வுகளை விறைப்பாக்குகிறது, என்.எல்.ஆர்.பி.-3 என்ற புரதக் கூட்டை முடுக்கி இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை வெளியே தள்ளுகிறது. கூடவே நிறைவுறாக் கொழுப்பு அமிலமான ஒலெயிக் அமிலமும் கொடுத்துப் பாருங்கள், செல் பாமிட்டிக் அமிலத்தை அமைதியாகக் கொழுப்புத் துளிகளாக்கி ஓரமாக வைத்துக்கொள்ளும். உணவில் யாரும் தனிப் பாமிட்டிக் அமிலம் சாப்பிடுவதில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இனி ஒமேகா விவகாரம். இதன் களம் செல்லின் சவ்வு. நாம் உண்ணும் கொழுப்பு அமிலங்களில் ஒரு பங்கு வெள்ளணுக்களின் சவ்வில் போய் அமர்கிறது. ஒமேகா-3 அதிகம் உண்ணாதவரின் ஒற்றைக்கரு வெள்ளணுக்களில், சவ்வுக் கொழுப்பு அமிலங்களில் சுமார் 20 சதவீதம் அராக்கிடோனிக் அமிலம் என்ற ஒமேகா-6. ஒமேகா-3 வகையான இ.பி.ஏ. 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கிருமியோ காயமோ செல்லைத் தட்டி எழுப்பியதும் ஒரு நொதி சவ்விலிருந்து இவற்றை வெட்டி விடுவிக்கிறது. அராக்கிடோனிக் அமிலத்தைச் சைக்ளோ ஆக்சிஜனேஸ் நொதி பிடித்தால் புரோஸ்டாகிளாண்டின், லிப்பாக்சிஜனேஸ் பிடித்தால் லியூக்கோட்ரையீன்; இரண்டும் அழற்சிக்குச் செய்தி சொல்லும் பொருள்கள். முதல் பாதையைத்தான் ஆஸ்பிரின் மறிக்கிறது என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

சவ்வில் இ.பி.ஏ. கூடினால் அராக்கிடோனிக் அமிலத்தின் பங்கு சுருங்குகிறது. அதே நொதிகள் இ.பி.ஏ.வையும் பிடிக்கின்றன, ஆனால் வெளிவரும் சரக்கு வேறு. அராக்கிடோனிக் அமிலம் தரும் லியூக்கோட்ரையீன் பி-4, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களைக் கூவி அழைக்கும் என்றால், இ.பி.ஏ. தரும் பி-5 முனகத்தான் செய்யும். அதன் வீரியம் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. இ.பி.ஏ., இன்னொரு ஒமேகா-3 வகையான டி.எச்.ஏ. இரண்டிலிருந்தும் ரிசால்வின்கள் என்ற பொருள்களும் உருவாகின்றன. அழற்சியைக் கிளம்பவிடாமல் தடுப்பதைவிட, கிளம்பியதை முறையாக முடித்துவைப்பது அவற்றின் வேலை.

இந்த இடத்தில்தான் பலர் தாவிவிடுகிறார்கள்: அராக்கிடோனிக் அமிலம் ஒமேகா-6, விதை எண்ணெயில் இருக்கும் லினோலெயிக் அமிலமும் ஒமேகா-6, ஆகவே விதை எண்ணெய் விஷம். காகிதத்தில் அம்புக்குறி போட்டால் சரியாகத்தான் வரும். உடல் அந்த அம்புக்குறிக்குக் கட்டுப்படுவதில்லை. லினோலெயிக் அமிலம் அராக்கிடோனிக் அமிலமாக மாறும் பாதையில் கெடுபிடி அதிகம். வழக்கமான உணவில் லினோலெயிக் அமிலத்தைப் பல மடங்கு கூட்டியும் வெகுவாகக் குறைத்தும் பார்த்த ஆய்வுகளில் ரத்தத்தின் அராக்கிடோனிக் அளவு அசைந்துகொடுக்கவில்லை. ஆரோக்கியமானவர்களிடம் செய்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2012ஆம் ஆண்டு மதிப்பாய்வும், லினோலெயிக் அமிலத்தைக் கூட்டியதால் அழற்சிக் குறியீடுகள் உயர்ந்தன என்பதற்குச் சான்று காணவில்லை.

அராக்கிடோனிக் அமிலத்தை எதிரியாக நிறுத்துவதும் அநியாயம். காய்ச்சலும் வலியும் தருகிற புரோஸ்டாகிளாண்டின் இ-2தான் மேக்ரோஃபேஜின் டி.என்.எஃப். சுரப்பையும் அடக்குகிறது. சிறிது நேரம் கழித்து நியூட்ரோஃபில்களை லிப்பாக்சின் தயாரிக்கும் பக்கம் திருப்பியும் விடுகிறது. லிப்பாக்சின் அழற்சியை முடித்துவைக்கும் பொருள், பிறப்பதோ அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து. மூட்டியவரே அணைக்கவும் செய்கிறார்.

கடைசிக் கேள்வியான மாத்திரைக்கு வருகிறேன். 1989இல் 9 ஆரோக்கியமானவர்களுக்குத் தினமும் 18 கிராம் மீன் எண்ணெய்ச் செறிவை 6 வாரம் கொடுத்தார்கள். அவர்களுடைய வெள்ளணுக்களைத் தட்டில் தூண்டியபோது இன்டர்லூக்கின்-1 பீட்டா உற்பத்தி 43 சதவீதம் குறைந்திருந்தது. எனக்குப் பிடித்தது அதன் பிற்பகுதி. எண்ணெயை நிறுத்திப் 10 வாரம் கழித்து அளந்தபோது குறைவு 61 சதவீதமாகியிருந்தது, பழைய நிலை திரும்ப 20 வாரம் ஆயிற்று. சவ்வு மெதுவாக நிறைகிறது, நிறைந்ததன் விளைவு எண்ணெயை நிறுத்திய பிறகும் நெடுநாள் நிற்கிறது. ஆகவே மூன்று வாரத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

அளவையும் பாருங்கள். 1 கிராம் எடையுள்ள சாதாரண மாத்திரையில் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்ந்து சுமார் 300 மில்லிகிராம்தான். முடக்குவாத நோயாளிகளுக்கு வலி மருந்தின் தேவையைக் குறைத்த சோதனைகளில் தினசரி அளவு பெரும்பாலும் 3 கிராமை ஒட்டி, அதுவும் மாதக்கணக்கில். அப்படியானால் நாளுக்குப் பத்து மாத்திரை. அதை நீங்களாகவே தொடங்கிவிடாதீர்கள். கிராம் கணக்கில் போகும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அபாயம் கூடுவது பெரிய சோதனைகளிலேயே தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

ஒமேகா-3 மாத்திரையைச் சோதித்த, 25,871 பேர் பங்கேற்ற வைட்டல் என்ற ஆய்வில் தினசரி அளவு 840 மில்லிகிராம் இ.பி.ஏ., டி.எச்.ஏ. அதில் ஒரு பிரிவினரின் ரத்தத்தை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ஒட்டுமொத்தத்தில் சி.ஆர்.பி. குறையவில்லை. மூன்று வாரத்தில் உங்களுக்குக் குறையாததில் வியப்பில்லை. சி.ஆர்.பி.யைச் சுரப்பது வெள்ளணு இல்லை, கல்லீரல். சாதாரணச் சளி பிடித்தாலே அது பல மடங்கு ஏறும். முதல் அளவு எடுத்த வாரத்திலோ இரண்டாவது எடுத்த வாரத்திலோ சளி, பல் வலி, காயம் ஏதாவது இருந்ததா? இருந்திருந்தால் அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது. உடம்பு முழுக்கத் தேறிச் சில வாரம் போனபின் இன்னொரு முறை எடுங்கள், அந்த எண்ணை வைத்துப் பேசலாம்.