குடும்ப டாக்டரின் கிளினிக்கில் உங்கள் அனுபவம் எப்படி? நல்ல கிளினிக் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

அப்பாவின் இருமலிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கேள்விக்கு நான் சொல்ல நினைப்பதில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

அப்பாவுக்கு அப்போது 68 வயது. பிரஷருக்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். திடீரென்று வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டையில் ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கிறது என்பார். பகலில் எப்படியோ சமாளித்துவிடுவார். ராத்திரி படுத்தால் ஆரம்பித்துவிடும். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, அது எப்போது அடங்கும் என்று காத்துக்கொண்டிருப்பேன்.

நாங்கள் அப்போது போய்க்கொண்டிருந்தது நாலைந்து டாக்டர்கள் மாறி மாறி உட்காரும் ஒரு கிளினிக். போனதும் டோக்கன், கால் மணி நேரத்தில் உள்ளே, ஐந்து நிமிடத்தில் வெளியே. ஒருவர் இருமல் மருந்து எழுதினார். அடுத்தவர் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக். இன்னொருவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுரையீரலில் ஒன்றும் இல்லை. நாலாவது டாக்டர் அலர்ஜியாக இருக்கும் என்றார். அவர்களில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். தன் முன்னால் அன்றைக்கு உட்கார்ந்திருந்த இருமலுக்கு ஒவ்வொருவரும் வைத்தியம் பார்த்தார்கள். ஆனால் ஏழு மாதமாக நிற்காத இருமல் ஒன்று இருக்கிறதே, அதை யாருமே பார்க்கவில்லை.

தோழி ஒருத்தி சொல்லி வேறொரு கிளினிக்குக்கு மாறினோம். அங்கே ஒரே ஒரு டாக்டர்தான். அப்பாயின்ட்மென்டுக்குப் போன் பண்ணியபோது ரிசப்ஷனில் இருந்த அம்மா, "அப்பா சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வந்துடுங்க. சீட்டு மட்டும் போதாது, அட்டையோட வேணும்" என்றார். அதுவரை எங்களிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

டாக்டர் அந்தப் பையை மேஜையில் கொட்டி, அட்டைகளை வரிசையாகப் பரப்பி வைத்தார். அப்புறம் அப்பாவைப் பேச விட்டார். அப்பா சுற்றி வளைத்துத்தான் பேசுவார். இடையில் நான் புகப் போனபோது, டாக்டர் என்னைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். அப்பா முடித்ததும் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பெயரைப் படித்துவிட்டு, "சார், இந்த மாத்திரை எப்போலேர்ந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். அப்பாவுக்கு நினைவில்லை. என் ஃபைலில் பழைய சீட்டுகளைப் புரட்டினேன். இருமல் தொடங்குவதற்கு ஐந்து வாரம் முன்னால் பிரஷர் மாத்திரையை மாற்றியிருந்தார்கள். புது மாத்திரையின் பெயர் எனலாபிரில்.

அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான் ராமிபிரில், லிசினோபிரில் எல்லாம். நல்ல மாத்திரைகள்தான். ரத்தக் குழாய்களை இறுக்கும் ஒரு ஹார்மோன் உருவாக உதவும் என்சைமை இவை தடுக்கின்றன. ஆனால் அதே என்சைமுக்கு, பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் வேலையும் உண்டு. அந்த வேலை நின்றுபோனால் பிராடிகைனின் மூச்சுக் குழாயில் சேர்ந்து, சிலருக்கு இருமலைத் தூண்டிவிடுகிறது. மாத்திரை தொடங்கி ஒரு வாரத்திலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். இருமல் மருந்தால் அது அடங்காது. டாக்டர் இதையெல்லாம் ஒரு தாளில் படம் போட்டு அப்பாவுக்கு விளக்கினார். லோசார்டன் என்ற வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார். மூன்றாவது வாரத்தில் இருமல் நின்றுவிட்டது. (இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்டே மாற்றுங்கள்.)

அந்த டாக்டர் பெரிய மேதை என்று சொல்ல வரவில்லை. இந்த விஷயம் எந்த டாக்டருக்கும் தெரிந்ததுதான். முந்தைய கிளினிக்கில் அந்த மாத்திரையை எழுதியவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மாத்திரை எழுதியவர் ஒருவர், இருமலைக் கேட்டவர் இன்னொருவர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு நல்ல கிளினிக் என்றால் அந்த ஆள் இருக்கும் இடம்தான். பல வருடம் ஒரே டாக்டரிடம் போவது வெறும் பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இது பற்றி ஒன்பது நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியானது. அவற்றில் 18 ஆய்வுகளில், ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்க்கும் நோயாளிகளிடையே இறப்பு குறைவாக இருந்தது. அதனால்தான் குறைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அப்பாவின் இருமலைப் பார்த்தவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பேச விடுவது பற்றியும் சொல்ல வேண்டும். 1984-இல் அமெரிக்காவில் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிக்குள் டாக்டர் குறுக்கிட்டிருக்கிறார். நேரம் இல்லாமல்தானே குறுக்கிடுகிறார்கள் என்று தோன்றும். ஆனால் 2002-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு புறநோயாளர் பிரிவில், குறுக்கிடாமல் விட்டால் நோயாளிகள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். சராசரி 92 நொடி. ஒன்றரை நிமிடம், அவ்வளவுதான்! என் அப்பா போன்றவர்கள் கொஞ்சம் கூட எடுத்துக்கொள்வார்கள், சரி. அதற்காக எத்தனை மாத அலைச்சல் மிச்சமாகிறது என்று பாருங்கள்.

அடுத்தது என் கதை. இதை எழுதலாமா என்று யோசித்தேன். பெண்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். பழைய கிளினிக்கில் ரிசப்ஷன் மேஜை காத்திருப்பவர்கள் நடுவில் இருக்கும். "என்ன பிரச்சினை?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பார்கள். எனக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்த சமயம் அது. பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டேன். சீட்டிலும் காய்ச்சல் என்றே ஏறியது. உள்ளே போய் உண்மையைச் சொல்வதற்குள் பாதி நேரம் போய்விட்டது. இப்போது போகும் இடத்தில் ஒரு துண்டுத் தாளையும் பேனாவையும் நீட்டுகிறார்கள், எழுதிக் கொடுத்தால் போதும். இதற்குச் செலவு என்ன ஆகிவிடப் போகிறது?

அன்றைக்குப் பழைய கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். "ரிப்போர்ட்ல ஏதாவது இருந்தா நாங்களே கூப்பிடுவோம்" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். படி ஏறினால் மூச்சு வாங்கும், தலைமுடி கொட்டும், மத்தியானத்தில் கண் சொருகும். வேலைப் பளு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து அப்பாவுக்காகப் போனபோது கேட்டு வாங்கிப் பார்த்தால், ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ரிப்போர்ட் வந்த அன்றே ஃபைலில் கோத்து வைத்திருக்கிறார்கள். அதை எழுதிய டாக்டர் அதற்குள் வேறு எங்கோ போய்விட்டார். எனக்குக் கோபத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது.

புது கிளினிக்கில் ரிசப்ஷன் அம்மாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. யாருக்கு என்ன பரிசோதனை எழுதினார்கள், ரிப்போர்ட் வந்ததா, ஆளிடம் சொல்லியாகிவிட்டதா என்று மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார். எல்லாம் சரியாக இருந்தாலும் போன் பண்ணி "நார்மல்தான்மா" என்று சொல்லிவிட்டுத்தான் மூன்றாவது கட்டத்தில் டிக் அடிப்பார். புது இடம் பார்க்கப் போகிறவர்கள் முதல் நாளே ஒன்று கேளுங்கள்: "ரிப்போர்ட் வந்ததும் எனக்கு யார் சொல்வாங்க, எத்தனை நாளில்?" அதற்குத் தெளிவான பதில் வந்தால் அந்த இடத்தை நம்பலாம் என்பேன்.

பிரஷர் பார்க்கும் விதத்தையும் கவனியுங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, பேசாமல் இருக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே எடுத்தால் அளவு கூடிக் காட்டலாம். அதை நம்பி மாத்திரை கூட்டினால் அவதிப்படுவது நாம்தான்.

புது கிளினிக்கில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. காத்திருப்பு ஒன்றரை மணி நேரம் வரை போகும். டாக்டர் லீவு போட்டால் திண்டாட்டம்தான். ஒவ்வொருவரையும் பேச விட்டால் வரிசை நீளத்தானே செய்யும். "உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் இருக்காங்க, வெளியில போயிட்டு ஆறரைக்கு வாங்க" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறார்கள் என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை.

கடைசியாக ஒன்று. கிளினிக் மாறுவதாக இருந்தால் பழைய இடத்திலிருந்து சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது நம் உடம்பின் கணக்கு. புது மாத்திரை தொடங்கிய தேதியை அட்டையின் பின்பக்கத்திலேயே பேனாவால் எழுதி வையுங்கள். அப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார், என்னையும் செய்ய வைக்கிறார்.