எட்டு வயதுப் பிள்ளைக்குச் சுற்றுச்சூழல் பற்றிய புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கதைப் புத்தகம் வேண்டாம், உண்மைத் தகவல்கள் உள்ள புத்தகம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக வாங்கிக் கொடுத்ததைப் படித்துவிட்டு உங்கள் மகள் “உலகம் அழிஞ்சிடுமாம்மா?” என்று கேட்டு, அன்று சரியாகத் தூங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம் என்பதால் இந்தப் பயத்தை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். குறை உங்கள் மகளிடம் இல்லை, அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

சிறு வயதில் காடு அழிகிறது, விலங்குகள் அழிகின்றன என்று மட்டுமே சொல்லி வந்தால், இயற்கை மேல் பிரியம் வருவதற்கு முன்பே பிள்ளைகள் அதைவிட்டு விலகிவிடுவார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1990களிலேயே எச்சரித்தார். பயமுறுத்தாத புத்தகங்களிலும் பல வெறும் கட்டளைப் பட்டியலாக இருக்கின்றன. குழாயை மூடு, விளக்கை அணை, துணிப்பை எடுத்துப் போ. இவை நல்ல பழக்கங்கள்தான், ஆனால் ஏன் என்று விளக்காமல் பூமியைக் காக்கும் பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் தேடுவது வேறு. ஒரு சிக்கலை யார் கண்டுபிடித்தார்கள், எப்படிக் கண்டுபிடித்தார்கள், பிறகு என்ன செய்தார்கள் என்று சொல்கிற புத்தகம். சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்ப்ரே டப்பாக்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் கீழ்க் காற்றில் சிதையாமல் உயரே போகின்றன, அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை வெளிவிடுகின்றன, அந்தக் குளோரின் ஓசோனை அழிக்கிறது என்று 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதினார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. 1985-இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் கடுமையாகக் குறைந்திருப்பதை பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவர் அறிவித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1987-இல், அந்த வாயுக்களைப் படிப்படியாகக் கைவிடுவதற்கான மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, பின்னர் ஐ.நா. உறுப்பு நாடுகள் எல்லாமே அதை ஏற்றன. மொலினாவுக்கும் ரோலண்டுக்கும், இதே துறையில் உழைத்த பால் குருட்சனுக்கும் 1995-இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போதைய போக்கு தொடர்ந்தால் அண்டார்க்டிகாவின் ஓசோன் 2066 வாக்கில் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. இதை வாசித்துக் காட்டினால், அந்த ஆண்டில் தனக்கு எத்தனை வயதாகும் என்று பிள்ளைகள் உடனே கணக்குப் போடுகிறார்கள். பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று இடங்களைப் புரட்டிப் பாருங்கள். பசிபிக் பெருங்கடல் குப்பையை, மேலே ஏறி நடக்கக்கூடிய தீவு போல வரைந்திருக்கிறார்களா? அப்படி ஒரு தீவு கிடையாது. பரந்த பரப்பில் சிதறி மிதக்கும் பொருள்கள் அவை. எண்ணிக்கையில் பெரும்பாலானவை பொடித் துண்டுகள், எடையில் ஏறக்குறைய பாதி மீன்பிடி வலைகள். அமேசான் காடு நமக்கு 20% ஆக்சிஜன் தருகிறது என்ற வரியையும் தேடுங்கள். அந்தக் காடு உருவாக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் அங்குள்ள செடிகொடிகளும் மட்கவைக்கும் நுண்ணுயிர்களுமே செலவழித்துவிடுகின்றன. அமேசானைக் காக்க வேறு வலுவான காரணங்கள் இருக்கும்போது இந்தப் பொய் எதற்கு?

மறுசுழற்சிப் பக்கத்தை நான் அவசியம் படிப்பேன். தாதுவிலிருந்து அலுமினியத்தைப் பிரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். பழைய டப்பாவை உருக்கினால் அதில் 5% அளவு ஆற்றலே போதும். பிளாஸ்டிக் அப்படியல்ல. வகைகள் கலந்துவிடும், உருக்க உருக்கத் தரமும் குறையும். 2015 வரை குப்பையான பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய 9% மட்டுமே மறுசுழற்சி ஆனது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் மூன்று அம்புக்குறி படத்தோடு நிறுத்திக்கொள்ளும் புத்தகத்தை நான் வாங்குவதில்லை.

தகவல் எவ்வளவு பழையது என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். ஹவாயின் மவுனா லோவாவில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. 380 என்று இருந்தால் 2005 வாக்கில் திரட்டிய தகவல், 400 என்றால் 2015-ஐ ஒட்டியது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. மறுபதிப்பு புதிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது பழசாக இருக்கலாம்.

உங்கள் மகளுக்கு இப்போதைக்கு மண்புழு, எறும்பு, குளம், விதை என்று கண்ணால் பார்க்கக்கூடியவற்றைப் பற்றிய புத்தகங்களையே நிறைய வாங்குங்கள். அடுத்து ஓசோன் போன்றவை. காலநிலை மாற்றத்தை மறைக்க வேண்டாம், ஆனால் அந்த அத்தியாயத்தை மட்டும் அவளிடம் தனியாகக் கொடுத்துவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். அதுவும் பகலில் வாசியுங்கள், படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். கேள்வி கேட்க அவளுக்கு நேரம் வேண்டும்.