பொமரேனியன் குட்டிகளும் ஒரு நோட்டுப் புத்தகமும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்துடன் மகனின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். கடிதத்தைவிட அந்தப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொமரேனியன் நாய்க்குட்டி 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓர் ஈற்றுக்கு 5 குட்டி, ஆண்டுக்கு 2 ஈற்று, ஆக மொத்தம் 40,000 வெள்ளி. அடியில் அழுத்தமாக இரண்டு கோடு. உயர்நிலை நான்கில் படிக்கும் பிள்ளை, சாதாரண நிலைத் தேர்வை வைத்துக்கொண்டு, "மேற்படிப்பு வேண்டாம், வீட்டிலேயே நாய் வளர்த்துக் குட்டி விற்கிறேன்" என்றால் எந்தத் தாய்க்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனாலும் அவனைத் திட்டாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் அதுகூடச் செய்வதில்லை. கணக்கில் விட்டுப்போனவற்றை எடுத்துக் காட்டினால் கேட்டுக்கொள்வான்.

சட்டத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நீங்கள் இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு, அதாவது வீவக வீடு. அங்கே, அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒரே ஒரு நாயைத்தான் வளர்க்கலாம். பொமரேனியன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால் உங்கள் வீட்டு நாய் லட்டுவுக்குத் தொல்லை இல்லை. இணைக்கு இன்னொன்றை வாங்கினால் விதிமீறல். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். வேடிக்கை என்னவென்றால், ஒரு குட்டிக்கு அவன் போட்ட விலையும் அதுவேதான். தனியார் வீடாக இருந்தாலும் விற்பனை என்று வந்துவிட்டால் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவின் உரிமம் வேண்டும். தொழிலாகவே நாய்களை இனப்பெருக்கம் செய்பவர்கள் சுங்கை தெங்கா போன்ற இடங்களில், அதற்கென்று கட்டிய வளாகங்களில், உரிமத்துடன் நடத்துகிறார்கள். நாய் உரிமக் கட்டணத்தையும் பாருங்கள்: கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. அரசாங்கம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அதிலேயே தெரிகிறது.

சட்டத்தை மட்டும் சொன்னால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது சவாலாகத்தான் படும். "தரைவீட்டில் இருக்கும் நண்பனுடன் சேர்ந்து செய்கிறேன்" என்பான். ஆகவே தொழிலின் உள்ளே நடப்பதையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்து குட்டி என்பது பெரிய நாய்களின் கணக்கு. பொமரேனியன் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வரைதான் ஈனும். வயிற்றில் ஒரே குட்டி என்றால் வேலை மிச்சம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஒன்று இடம் நிறைய வளர்ந்துவிடும். தாயின் இடுப்பெலும்போ குறுகியது. பிரசவத்தைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞை குட்டிகளிடமிருந்து வருவது. ஒரே குட்டியிடமிருந்து அது போதுமான அளவு வராமல் நாள் தள்ளிப்போவதும் உண்டு. கடைசியில் அறுவைச் சிகிச்சை. பிரசவ வலி அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் அவசர மருத்துவமனைக்குப் போனால் கட்டணம் ஆயிரத்தைத் தாண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நண்பர் ஒருவரின் தரைவீட்டில் ஒரு சிவாவா நாயின் முதல் ஈற்றைக் கூடவே இருந்து பார்த்தேன். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். கடைசி வாரத்தில் நண்பரின் மனைவி ஒரு நாளைக்கு மூன்று முறை நாயின் உடல் வெப்பத்தை அளந்து, நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவந்தார். வழக்கமாக 38 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும் வெப்பம் 37க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் வலி கண்டுவிடும். இறங்கியது. இரவு இரண்டு மணிக்கு முதல் குட்டி வந்தது. இரண்டாவதற்கு நாய் அரைமணி நேரம் முக்கியும் ஒன்றும் வரவில்லை. அரைமணி நேரம்தான் எல்லை. அதற்கு மேல் காத்திருக்கக்கூடாது. வாடகைக் கார் பிடித்து ஓடினார்கள். தாய் பிழைத்தது. இரண்டாவது குட்டி பிழைக்கவில்லை.

விடியற்காலையில் அடுப்படி மேடைமேல், நண்பரின் மனைவி வழக்கமாக மாவு நிறுக்கும் தராசில், பிழைத்த குட்டியை ஒரு துண்டோடு வைத்தார். துண்டின் எடையைக் கழித்தால் 110 கிராம். ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். அன்றிலிருந்து பத்து நாளும் காலையும் மாலையும் அதே தராசு. எடை ஏற வேண்டும். ஒரு நாள் இறங்கினாலும் பிடித்து உட்கார்ந்து பாலூட்ட வேண்டும். அந்தப் பருவத்தில் குட்டிக்குத் தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரத்தில் பெட்டிக்குள் 30 பாகை வரை வெப்பம் வேண்டும். நம் ஊரில் அது எளிது என்று தோன்றும். ஆனால் அறையில் குளிர்சாதனம் ஓடினால் எல்லாம் போயிற்று. அந்த அம்மாள் இரண்டு வாரம் மின்விசிறியைக்கூடப் போடாமல் அந்த அறையிலேயே படுத்துக்கிடந்தார்.

தாய்க்கும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. ஈன்ற இரண்டு மூன்று வாரத்தில், பால் அதிகம் சுரக்கும் நேரத்தில், சிறிய இன நாய்களுக்கு இரத்தத்தில் கால்சியம் திடீரென்று குறையும். நடுக்கம் வரும், கால்கள் விறைக்கும். சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து. முன்யோசனையாகச் சினைக்காலத்திலேயே கால்சியம் மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது இந்த நிலையைத் தடுப்பதற்குப் பதிலாக வரவழைத்துவிடும். இப்படி, நல்லது என்று நினைத்துச் செய்வதே கேடாக முடியும் இடங்கள் இந்தத் தொழிலில் நிறைய. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, இணை சேர்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது. பொமரேனியன்களுக்கு முழங்கால் சில்லு நழுவும் குறையும், மூச்சுக்குழாய் தளர்ந்து இருமும் குறையும் அடிக்கடி வரும். பெற்றவற்றுக்கு இருந்தால் குட்டிகளுக்கும் போக வாய்ப்புண்டு. பரிசோதிக்காமல் இணை சேர்த்து விற்றுவிட்டால், மூன்று ஆண்டு கழித்து நொண்டும் நாயுடன் ஒரு குடும்பம் வந்து கதவைத் தட்டும். குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. அந்த எட்டு வாரமும் அவன் பள்ளிக்குப் போய்விடுவான். வீட்டில் இருக்கப்போவது நீங்கள்தான்.

நாட்காட்டியையும் அவன் பார்க்க வேண்டும். லட்டுவுக்கு இப்போது வயது ஒன்றரை. அவள் நல்ல உடல்நிலையில் குட்டி ஈனக்கூடிய ஆண்டுகளும், மேற்படிப்புக்குப் போனால் அவன் படிக்கப்போகும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பும், அதன்பின் ஆண்பிள்ளைகள் கட்டாயமாகச் செய்யும் இரண்டாண்டு தேசிய சேவையும் ஒரே காலத்தில் வருகின்றன. முகாமிலிருந்துகொண்டு குட்டிக்குப் பாலூட்ட முடியாது.

இத்தனையும் கேட்டபின் அவன் முகம் வாடும். அதோடு பேச்சை நிறுத்திவிடாதீர்கள். அவனுக்கு உண்மையில் பிடித்தது குட்டி விற்பதா, நாயா என்று கேளுங்கள். என் ஊகம், நாய்தான். அப்படியானால் வழி இருக்கிறது. தேமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடைத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு உண்டு. மயக்க மருந்து, ஆய்வுக்கூடம், அறுவைச் சிகிச்சைக்கு உதவுவது, நோயுற்ற விலங்கைப் பேணுவது எல்லாம் அதில் வரும். தேர்வு முடிவுக்கு முன்பே, ஆர்வத்தையும் தகுதியையும் பார்த்து இடம் கொடுக்கும் முன்கூட்டிய சேர்க்கைத் திட்டத்துக்கு ஜூன் மாதவாக்கில் விண்ணப்பிக்கலாம். குறைந்தபட்ச மதிப்பெண் தகுதி எப்படியும் வேண்டும். அதனால் படிப்பைக் கைவிட இதை ஒரு சாக்காக ஆக்கிக்கொள்ள முடியாது.

கால்நடை மருத்துவராக வேண்டும் என்றால் பாதை இன்னும் நீளமானது. ஆஸ்திரேலியா போன்ற நாட்டுக்குப் போய் ஐந்தாண்டோ அதற்கு மேலோ படிக்க வேண்டும். செலவு பெரிது, இப்போதே அதை மனத்தில் ஏற்ற வேண்டாம். புத்தகப் படிப்பு ஒத்துவராத பிள்ளை என்றால் நாய்களுக்கு முடி திருத்தும் தொழிலும் மதிப்பான தொழில்தான். நாய் வளர்ப்போர் சங்கமான சிங்கப்பூர் கெனல் கிளப் அதற்குத் தரவாரியாகத் தேர்வு நடத்துகிறது. முடி வெட்டுவதா என்று உறவினர் யாராவது முகம் சுளித்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தேசிய சேவையிலும் நாய்களைக் கையாளும் பிரிவுகள் ஆயுதப் படையிலும் காவல்துறையிலும் இருக்கின்றன. கேட்டால் கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அனுபவம் இருப்பவன் கேட்பதில் தவறில்லை.

அதுவரை வார இறுதியில் ஒரு விலங்குக் காப்பகத்தில் தொண்டூழியம் செய்யட்டும். கூண்டு கழுவுவதும் கழிவு அள்ளுவதும்தான் முதலில் கிடைக்கும் வேலை. இரண்டு மாதம் தாங்குகிறானா என்று பாருங்கள். என்ன செய்தான், எந்த நாய் எப்படி நடந்துகொண்டது என்று அதே நோட்டுப் புத்தகத்தில் எழுதிவரட்டும். சேர்க்கை நேர்காணலில் அந்தப் பக்கங்களுக்கு மதிப்பு இருக்கும்.

கடிதத்தின் கடைசி வரியில், இந்தப் பித்து தெளிவதற்காக லட்டுவை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கொடுத்துவிட்டால் நாயும் போகும், உங்களிடம் அவன் பேசும் பேச்சும் போகும். கருத்தடை செய்வது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் பேசுவதற்கு ஒரு நாள் குறியுங்கள். மகனையும் கூட அழைத்துப் போங்கள். கேள்விகளை அவனே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.