ஹெர்ஷி: ஐஸுக்காகப் பிறந்த அணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லின் ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்ததைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அந்த ஆட்டம் நடந்த பென்சில்வேனியாவின் ஹெர்ஷி அரங்கம் ஓர் ஐஸ் ஹாக்கி அணிக்காகக் கட்டியது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அமெரிக்காவில் சிறு லீக் ஹாக்கி அணிகள் இரண்டு மூன்று சீசன்களில் மறைந்துபோவது வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு சாக்லேட் ஆலை ஊரில் ஓர் அணி இத்தனை காலம் நின்றது எப்படி? முதலாளியின் பணம்தான் காரணமா? ஐஸ் தளத்தை எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் சொல்லுங்கள். கடைசியாக ஒன்று: அந்த முதல் சீசன்களின் கோல் கணக்குகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை நம்பலாமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

பணமும் ஒரு காரணம். ஆனால் பணக்காரர்கள் நடத்திய அணிகளும் எத்தனையோ மூடிப்போயிருக்கின்றன. ஹெர்ஷியில் நடந்த வரிசையைப் பார்க்க வேண்டும். அங்கே முதலில் வந்தது ஐஸ் தளம். அதற்கு ஆள் சேர்க்கத்தான் அணி வந்தது. தளமும் அணியும் ஒரே கையில் இருந்தன. என் பதில் முழுக்க இதைச் சுற்றித்தான்.

மில்டன் ஹெர்ஷி தன் ஆலையைச் சுற்றி ஊரையே கட்டியவர். 1915இல் கட்டிய பொதுக்கூட்ட மண்டபத்துக்குள் பின்னாளில் ஐஸ் போட்டு அதை ஐஸ் பேலஸ் ஆக்கினார்கள். 1931இல் அங்கே நடந்த முதல் ஹாக்கி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணிகளும் வெளியூர் அணிகள். கூட்டம் கூடியதைப் பார்த்த பிறகுதான் ஊருக்கென்று ஓர் அணி வந்தது. 1932இல் அதற்கு வைத்த பெயர் ஹெர்ஷி பார்ஸ். ஆங்கிலத்தில் அதை எழுதும்போது ‘பி’ எழுத்துக்குப் பின் ஒரு மேற்குறி போட்டார்கள். சாக்லேட் பாரும் அதுதான், நாட்டுப்புற உச்சரிப்பில் கரடியும் அதுதான். இது வெறும் விளம்பரம் என்று பத்திரிகைக்காரர்கள் முணுமுணுக்க, 1936இல் பேர்ஸ் என்று மாற்றினார்கள். கரடி மட்டும் மிஞ்சியது.

பால்டிமோர், அட்லாண்டிக் சிட்டி அணிகளோடு ஒரு சிறிய லீக்கில் தொடங்கி, 1933இல் உருவான ஈஸ்டர்ன் அமெச்சூர் ஹாக்கி லீக்குக்குப் போனார்கள். ஐஸ் பேலஸில் இரண்டாயிரம் பேர்கூட உட்கார முடியாது. அணி ஜெயிக்க ஜெயிக்க இடம் போதவில்லை. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த அந்தக் காலத்தில் ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுக்கவே ஹெர்ஷி கட்டடம் மேல் கட்டடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளோடு வந்ததுதான் நீங்கள் கேட்கும் அரங்கம். ஊரில் அவ்வளவு மக்களே இல்லை. ஆனால் 20 கிலோமீட்டரில் மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க், காரில் வந்துபோகும் தொலைவில் லெபனான், லங்காஸ்டர். கணக்கு அவர்களையும் சேர்த்துப் போட்டது.

அந்தக் கூரையைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வடிவமைத்தவர் ஆன்டன் டெடெஸ்கோ, ஐரோப்பாவிலிருந்து மெல்லிய கான்கிரீட் ஓட்டுக் கூரை நுட்பத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த பொறியாளர். வளைவுகள் சுமார் 68 மீட்டர் தாண்டுகின்றன, நடுவில் ஒரு தூண் கிடையாது. கூரையின் கனம் மூன்றரை அங்குலம். நம் வீட்டு மொட்டைமாடித் தளமே நாலு, ஐந்து அங்குலம் இருக்கும். முழுக்கூரைக்கும் ஒரே நேரத்தில் சென்ட்ரிங் அடித்தால் மரமும் முட்டும் கட்டுபடியாகாது. அதனால் ஒரு பகுதிக்கு மட்டும் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, இறுகியதும் சென்ட்ரிங்கை இறக்கி அப்படியே அடுத்த பகுதிக்கு நகர்த்தினார்கள். தூண் இல்லாததன் அருமை ஹாக்கி பார்ப்பவருக்குத்தான் தெரியும். 3 அங்குல விட்டமும் 1 அங்குல கனமும் உள்ள ரப்பர் வில்லை, அதாவது பக், கண் இமைப்பதற்குள் தளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்விடும். பார்வைக்குக் குறுக்கே ஒரு தூண் நின்றால் கோலைத் தவறவிட்டோம் என்று அர்த்தம்.

இனி ஐஸ். வட அமெரிக்க அளவு 200 அடிக்கு 85 அடி. அடியில் கான்கிரீட் தளம், அதற்குள் நெருக்கமாகக் குழாய்கள், குழாய்களில் உறையாத உப்புக் கரைசல். கம்ப்ரெஸர் அந்தக் கரைசலைக் குளிரவைத்துச் சுற்றவிடும். தளம் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு, ஒன்பது டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொடுவார்கள். முதல் பூச்சு பனித்தூறல்போல. அது உறைந்ததும் இன்னொன்று. பிறகு வெள்ளைச் சாயம், அதன்மேல் காப்பாக ஒரு மெல்லிய தண்ணீர்ப் பூச்சு, பிறகு கோடுகளும் வட்டங்களும், மறுபடி பூச்சு மேல் பூச்சு. கடைசியில் கனம் ஒன்று முதல் ஒன்றேகால் அங்குலம். மொத்தம் ஏறத்தாழ 40,000 லிட்டர் தண்ணீர். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் மேல்புறம் முதலில் உறைந்து, உள்ளே காற்றுக் குமிழ் சிக்கி, ஸ்கேட் பட்ட இடத்தில் பொருக்குப் பொருக்காகப் பெயரும்.

கனம் கூடினாலும் வம்பு. ஐஸ் தானே ஒரு காப்புப் போர்வை. அடியிலிருந்து வரும் குளிர் மேலே எட்டாது, கம்ப்ரெஸர் ஓய்வில்லாமல் ஓடியும் மேற்பரப்பு இளகியே கிடக்கும். அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். ஈரம் இன்னொரு தொல்லை. ஏழாயிரம் பேர் விடும் மூச்சு மேலே போகிறது. கீழே கிடக்கும் ஐஸ், கூரையின் உட்புறத்து வெப்பத்தையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த கூரையில் அந்த மூச்சு நீராகப் படிந்து சொட்டும். சொட்டிய இடத்தில் ஐஸ் கொப்புளம்போல் எழும்பும். அதில் மோதிய பக் எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கையே ஆட்டத்துக்கு முன் உறையவைப்பார்கள், ரப்பர் சூடாக இருந்தால் துள்ளும்.

ஐஸ் தளத்தைச் சீர்செய்யும் ஜாம்போனி இயந்திரம் வந்தது 1949இல். அதற்கு முன் தளத்தை முழுமையாகச் சீர்செய்ய டிராக்டர் இழுக்கும் இழைப்புப் பலகை, பின்னால் பனித்தூளை அள்ளும் ஆட்கள், கழுவல், கடைசியில் வெந்நீர்ப் பூச்சு என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெந்நீர் எதற்கென்றால், அது கீறல்களின் விளிம்பை உருக்கிப் பழைய ஐஸோடு ஒட்டிக்கொள்ளும், கரைந்த காற்றும் அதில் குறைவு.

இத்தனையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்ப்ரெஸர் இரவு பகலாக ஓடும். செலவு ஐஸுக்கு, வரவோ ஆட்டம் நடக்கும் இரவில் மட்டும். அரங்கத்தை வாடகைக்கு எடுக்கும் அணி ஜெயித்தாலும் வாடகை கட்டியாக வேண்டும், சிற்றுண்டி விற்ற காசும் வண்டி நிறுத்தும் காசும் பெரும்பாலும் கட்டட உரிமையாளருக்கே போகும். ஹெர்ஷியில் இரண்டு பைகளும் ஒரே சட்டையில் இருந்தன.

1936ஆம் ஆண்டே இதற்குச் சாட்சி. பஃபலோ பைசன்ஸ் என்ற அணி 1932, 1933 இரண்டு ஆண்டும் தன் லீக்கின் சாம்பியன். எல்லைக்கு அப்பால் கனடாவின் ஃபோர்ட் எரியில் இருந்த அதன் அரங்கக் கூரை 1936 மார்ச்சில் பனிப்பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. அடுத்த சீசனை வீடில்லாமல் வெளியூர்களிலேயே ஆடித் தொடங்கினார்கள். 11 ஆட்டங்கள்தான் தாங்கியது. டிசம்பர் தொடக்கத்தில் அணியைக் கலைத்துவிட்டார்கள். அதே டிசம்பர் 19 அன்று ஹெர்ஷியின் புதிய அரங்கம் நியூயார்க் ரோவர்ஸுக்கு எதிரான ஆட்டத்தோடு திறந்தது. அந்த பஃபலோ வீரர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ஆட்டத்தில் அவர்கள் தோற்றுப் போனவர்கள் அல்ல.

அதன்பின் ஹெர்ஷிக்கு ஏறுமுகம். 1938இல் இன்டர்நேஷனல் அமெரிக்கன் ஹாக்கி லீக், இன்றைய அமெரிக்கன் ஹாக்கி லீக், அவர்களைச் சேர்த்துக்கொண்டது. சீசனுக்கு 54 ஆட்டம், அதில் பாதி சொந்த ஊரில். மீதி இரவுகளில் காலியான அந்தத் தளத்தை என்ன செய்வது? எல்லா அரங்க மேலாளர்களுக்கும் இதே தலைவலி. 1940 பிப்ரவரியில் அவர்களில் சிலர் ஹெர்ஷியிலேயே கூடிப் பேசி, ஊர் ஊராகச் செல்லும் ஸ்கேட்டிங் நடனக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். உலகப் புகழ் பெற்ற ஐஸ் கேபேட்ஸ் அப்படிப் பிறந்ததுதான். லீக்கின் கால்டர் கோப்பை ஹெர்ஷிக்கு 1947இல்தான் முதன்முதலாகக் கிடைத்தது, பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸை ஏழு ஆட்டத் தொடரில் வென்று. ஒன்பது சீசன் காத்திருப்பு. வாடகை அணி எதற்கும் அவ்வளவு பொறுமை வாய்த்திருக்காது.

இன்றைக்கும் அணி ஹெர்ஷி கேளிக்கை நிறுவனத்தின் சொத்து. என்.எச்.எல். என்ற பெரிய லீக்கின் எந்த அணிக்கு வீரர்களைத் தயார்செய்து தருவது என்பது மட்டும் மாறும். 2005இல் கொலராடோ அணியை விட்டு வாஷிங்டன் அணியோடு சேர்ந்தார்கள், ஊர் மாறவில்லை. பெரிய அணிகளே சொந்தமாக வைத்திருக்கும் சிறு அணிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2015இல் மட்டும் ஐந்து ஊர்களிலிருந்து அணிகளைக் கிளப்பிக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள்.

கோல் கணக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1938க்குப் பிந்தைய கணக்குகளைத் தயங்காமல் எடுத்தாளலாம். அதற்கு முந்தைய ஈஸ்டர்ன் லீக் கணக்குகளில் எச்சரிக்கை தேவை. அந்த லீக்கை நடத்திய தாமஸ் லாக்ஹார்ட், அட்டவணையை நிரப்புவதற்காக, நடக்காத ஆட்டங்களுக்குக் கோல் அடித்தவர் பெயர் வரை தானே எழுதிச் சேர்த்ததாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆகவே அந்த ஆண்டுகளில் ஒரு வீரரின் மொத்தக் கோல்களை மேற்கோள் காட்டுமுன், ஆட்டத்துக்கு மறுநாள் வந்த உள்ளூர் நாளிதழில் அந்த ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டும் எண்ணிக்கையில் சேருங்கள்.