முதல் ரவுண்டிலேயே 400 புள்ளி மேலே இருப்பவர்

கேள்வி: என் மகள் செஸ் ஆடுகிறாள். 13 வயது, ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 1500. அடுத்த போட்டியில் முதல் ரவுண்டே 1900 ரேட்டிங்காரரோடு வரும் போலிருக்கிறது. 'காய்களை மளமளவென்று வெட்டிக் குறைத்து டிரா பண்ணிவிடு' என்கிறார் என் மைத்துனர். சரியா?

பதில்: ஸ்விஸ் முறையில் ரேட்டிங் பட்டியலை இரண்டாக்கி மேல்பாதியைக் கீழ்பாதியோடு மோதவிடுவார்கள். 100 பேர் என்றால் முதல் ஆளுக்கு எதிரே 51-ஆம் ஆள். அதனால் முதல் ரவுண்டில் இப்படி அமைவது வழக்கம்தான்.

ஆனால் வெட்டிக் குறைக்கும் யோசனை வேண்டாம். காய் குறையக் குறைய அனுபவசாலியின் கைதான் ஓங்கும். போர்டில் வைத்துப் பாருங்கள்: வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. வேறு காயே இல்லை. அடுத்த நகர்வு வெள்ளையுடையது என்றால் டிரா. கறுப்புடையது என்றால் வெள்ளைக்கு வெற்றி. மூன்றே காய்கள், ஒரு நகர்வில் அரைப் புள்ளி கைமாறுகிறது. 1900-காரருக்கு இதெல்லாம் அத்துப்படி. உங்கள் மகளுக்குத் தெரியுமா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். காய்கள் நிறைந்த சிக்கலான நிலையில்தான் அவரும் தடுமாறுவார்.

ரேட்டிங் பயமும் வேண்டாம். 18 வயதுக்குட்பட்டு 2300-க்குக் கீழே இருப்பவர்களுக்குக் கே எண் (ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40. 400 புள்ளி வித்தியாசத்தில் தோற்றால் போவது 3.2 புள்ளிதான், டிரா என்றால் 16.8 வரும், ஜெயித்தால் 36.8. நிஜமாகவே பயப்பட வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்! 2023 கத்தார் மாஸ்டர்ஸில் தஞ்சாவூர்க்காரர் கார்த்திகேயன் முரளி, தன்னைவிட 200 புள்ளிக்கும் மேல் இருந்த முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனை கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டத்திலேயே வென்றார்.

பழகிய ஓப்பனிங்கையே ஆடட்டும். எதிராளி நகர்த்தியதும் 'இது எதைக் குறிவைக்கிறது?' என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் காயைத் தொட வேண்டும். பலசாலி வேகமாக ஆடினால் தானும் வேகமாக ஆடுவது குழந்தைகளுக்குத் தொற்றிக்கொள்ளும். அதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். கிளாக்கில் இருக்கும் நேரம் அவளுடையது. சமமான நிலையில் சும்மா டிரா கேட்கவும் வேண்டாம், பயந்துவிட்டாள் என்று அவர் கூடுதல் தெம்போடு ஆடுவார்.

அப்புறம், ஆட்டம் முடிந்ததும் ஹாலுக்கு வெளியே 'கொஞ்சம் சேர்ந்து பார்க்கலாமா, அண்ணா?' என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நகர்வுகளை எழுதிய ஸ்கோர் ஷீட்டை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளட்டும்.