டிஸ்னி வேர்ல்ட் மோனோரயில்: பீம் இருக்கட்டும், ரயிலை மாற்றுங்கள்

கேள்வி: புளோரிடா டிஸ்னி வேர்ல்டில் ஓடும் மோனோரயில் ரொம்பப் பழசாகிவிட்டது. புதுப்பித்தால் போதுமா, புது ரயில் வாங்க வேண்டுமா, இல்லை மொத்தமாக எடுத்துவிட்டு பஸ் விட்டுவிடலாமா?

புது ரயில்தான் வாங்க வேண்டும். ரயில் ஓடும் கான்கிரீட் பாதையான பீமைத் தொடக் கூடாது. பஸ் யோசனையை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

நான் சிங்கப்பூரில் வளர்ந்தவன். பதினாறு வருடமாக ரயில் பெட்டிப் பராமரிப்பில் இருக்கிறேன். டிஸ்னி வேர்ல்ட் இருக்கும் ஆர்லாண்டோவுக்குக் குடும்பத்தோடு இரண்டு தடவை போயிருக்கிறேன். மற்றவர்கள் ராட்டினத்துக்கு ஓட, நான் மோனோரயிலில் சுற்றிக்கொண்டிருந்தேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வயதுக் கணக்கு. 1971 அக்டோபர் 1, பூங்கா திறந்த அன்றே இந்த மோனோரயிலும் ஓடத் தொடங்கியது. அப்போது ஓடியவை மார்ட்டின் மரியெட்டா கட்டிய மார்க் 4 ரயில்கள். 1982இல் எப்காட் பூங்கா வரை பாதை நீண்டது. மூன்று தடங்களையும் சேர்த்தால் இன்று 23 கிலோமீட்டருக்கு மேல். 1989 முதல் 1991 வரை பம்பார்டியர் செய்த மார்க் 6 ரயில்கள் பன்னிரண்டு வந்தன. ஆறு பெட்டி, நின்றுகொண்டு போகவும் இடம். மார்க் 4 உழைத்தது ஏறத்தாழ இருபது வருடம். மார்க் 6 முப்பத்தைந்து வருடத்தைத் தொட்டு இன்னும் ஓடுகிறது. பராமரிப்பவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அவர்களை இதற்கு மேலும் இப்படிச் சோதிக்கக் கூடாது.

புதுப்பித்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். சீட் துணி, பெயிண்ட், கதவு ரப்பர், ஏசி எல்லாம் மாற்றலாம், பெட்டியும் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அதனால் ரயிலின் வயது குறையாது. இந்த ரயில் ரப்பர் டயரில் ஓடுவது. கனம் தாங்கும் டயர் பீமின் தலைமேல் உருளும், பக்கவாட்டு டயர்கள் இரண்டு பக்கமும் பீமைப் பிடித்துக்கொள்ளும், பீமின் ஓரத்தில் போகும் பட்டையிலிருந்து 600 வோல்ட் நேர்மின்சாரம் எடுக்கும். டயரும் பேரிங்கும் எப்படியும் தேய்ந்தால் மாற்றுகிற சாமான்கள்தான். அவற்றால் ஒரு ரயிலுக்கு வயதாவதில்லை. வயதாவது மின்னணுச் சாமான்களிலும் பெட்டியின் சட்டகத்திலும்.

இதை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். டிஸ்னியில் இல்லை, வேறு ஊரில், வேறு ரயிலில். கதவுக் கட்டுப்பாட்டு போர்டு ஒன்றைக் கழற்றி மேஜைமேல் வைத்தோம். நேராகப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தபோது நாலு கப்பாசிட்டர் தலை உப்பியிருந்தது. ஒன்றின் அடியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்து போயிருந்தது. கப்பாசிட்டர் கடையில் கிடைக்கும், ஊதித் துடைத்துப் பற்றவைத்துவிடலாம். நடுவில் இருந்த சிப் கிடைக்கவில்லை, அதைச் செய்வதையே நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. கடைசியில் ஓரமாக நிறுத்திவைத்திருந்த பெட்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினோம். அன்று மாலை ரயில் ஓடியது. ஆனால் அடுத்த தடவைக்குக் கழற்ற அந்தப் பெட்டியிலும் ஒன்றும் மிச்சமில்லை. அதன்மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதே மார்க் 6 வடிவத்திலிருந்து வந்த ரயில்கள் லாஸ் வேகஸில் ஓடுகின்றன. 2020இல் அந்த மோனோரயில் திவாலாகி, சுற்றுலா ஆணையம் அதை வாங்கியது. பம்பார்டியரின் ரயில் பிரிவோ 2021இல் ஆல்ஸ்டாம் கைக்குப் போய்விட்டது. ஒரே குடும்பத்து ரயில் உலகில் இரண்டே இடத்தில் இருந்தால் எந்தக் கம்பெனி அதற்காகத் தனியாக ஸ்பேர் செய்துகொண்டிருக்கும்?

அப்புறம் ஏன் மாற்றவில்லை என்றால், பீம்தான் காரணம். டிஸ்னி பீமின் அகலம் 26 அங்குலம், அதாவது 66 செ.மீ. ஜப்பானின் பெரிய மோனோரயில்கள் ஓடும் பீம் 80, 85 செ.மீ. அகலம். ஆகவே ஹிட்டாச்சியிடம் போய் ஓடிக்கொண்டிருக்கும் மாடலில் பன்னிரண்டு கொடுங்கள் என்று கேட்க முடியாது. இந்த அளவுக்கென்றே வரைந்து, ஒன்று செய்து, ஓட்டிப் பார்த்து, பிறகுதான் மற்றவற்றைக் கட்ட வேண்டும். செலவு அதிகம், காலமும் பிடிக்கும். அதனால்தான் இப்போதே தொடங்க வேண்டும் என்கிறேன்.

இதே டிஸ்னி இதைச் செய்தும் காட்டியிருக்கிறது. கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 1959 முதல் மோனோரயில் ஓடுகிறது. 2008இல் அங்கே மார்க் 7 ரயில்கள் வந்தன. வான்கூவரில் கட்டியவை. மூன்றே ரயில்தான், சின்ன வேலைதான், ஆனாலும் பழைய பீம்மேல் புது ரயில் ஓடும் என்பதற்கு அது போதும். டோக்கியோ டிஸ்னி இன்னும் அழகாகச் செய்தது. அங்கே 2001இல் தொடங்கிய தடத்துக்கு 2020 ஜூலை முதல் புது ரயில்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். புதியது ஒன்று வந்தால் பழையது ஒன்று போகும், தடத்தை மூடவில்லை. ரயிலைச் செய்த ஹிட்டாச்சி இன்னும் அதே தொழிலில் இருப்பது அவர்களுக்குப் பெரிய வசதி.

இடித்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊர் செந்தோசா தீவே உதாரணம். 1982இல் வந்த பழைய மோனோரயில் பக்கம் திறந்தது, ஏசி கிடையாது, மெதுவாகத் தீவைச் சுற்றி வரும். அப்பா மடியில் உட்கார்ந்து போனபோது முகத்தில் உப்புக் காற்று அடிக்கும். 2005 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். புது செந்தோசா எக்ஸ்பிரஸ் ஓடியது 2007 ஜனவரியில். இடையில் பஸ். சின்னத் தீவு, சமாளித்தார்கள். புதியது கடலைத் தாண்டி நகரோடு இணைந்தது, அது நல்லதுதான். ஆர்லாண்டோவில் அந்த லாபமும் இல்லை. டிக்கெட் சென்டரிலிருந்து மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் போகும் கூட்டத்தை இரண்டு வருடம் பஸ்ஸிலும் படகிலும் ஏற்றுவது நடக்காத காரியம்.

அந்த பீமை இடிக்க எனக்கு மனம் வராததற்கு வேறு காரணமும் உண்டு. மேற்குக் கோடியில் வாஷிங்டன் மாநிலத்து டகோமாவில் வார்த்து, கனம் குறைய உள்ளே பாலிஸ்டைரீன் (தெர்மோகோல்) வைத்து, நாட்டின் குறுக்கே புளோரிடா வரை கொண்டுவந்து நிறுத்திய பீம் அது. கன்டெம்பரரி ஹோட்டலுக்குள் ரயில் நுழையும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் அறைக் கதவுகள், நடுவில் மேரி பிளேர் வரைந்த 90 அடி உயர ஓட்டுச் சித்திரம், அதில் ஐந்து கால் ஆடு ஒன்று. என் மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து அந்த ஆட்டுக்காகக் காத்திருந்தாள். இதைக் கொடுக்கிற பஸ் எது? 2019இல் வந்த ஸ்கைலைனர் கேபிள் கார் நல்ல ஏற்பாடு, நானும் ஏறினேன், ஆனால் அது மேஜிக் கிங்டம் பக்கம் போகாது, இதற்கு மாற்றாகாது.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். 1985இல் மார்க் 4 ரயில் ஒன்றில் காற்றுப் போன டயர் உரசித் தீப்பிடித்தது. பயணிகள் ஜன்னலை உதைத்துத் திறந்து கூரைமேல் ஏறினார்கள், தீயணைப்புக்காரர்கள் இறக்கினார்கள். 2009 ஜூலை 5 அதிகாலையில் பிங்க், பர்ப்பிள் என்று நிறத்தால் பெயர் வைத்த இரண்டு ரயில்கள் மோதின. தடம் மாற்றும் பீம் சரியான நிலைக்கு வராமலே ஒரு ரயிலைப் பின்னால் வரச் சொல்லிவிட்டார்கள். பர்ப்பிளை ஓட்டிய 21 வயது இளைஞர் இறந்துபோனார். அதற்குப் பின் ஓட்டுநர் அறையில் விருந்தினரை ஏற்றுவதை நிறுத்தினார்கள். பிற்பாடு தானியங்கி இயக்கமும் வந்தது. பழைய ரயிலில் ஒட்டவைத்த தானியங்கி முறைக்கும், வரைபடத்திலேயே அதை வைத்துக் கட்டும் ரயிலுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

என்னைக் கேட்டால் முதலில் ஒரே ஒரு ரயிலுக்கு ஆர்டர் கொடுக்கட்டும். இரவில் கூட்டம் இல்லாத நேரத்தில் எப்காட் தடத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். நிறைவேறினால் டோக்கியோ மாதிரி ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டே போகலாம். ஓய்வு பெறும் முதல் இரண்டு ரயிலையும் ஸ்பேருக்காகப் பத்திரமாக வைத்துக்கொண்டால் மிச்சம் இருப்பவை அதுவரை தாங்கும். இங்கே ரயில்களை நிறத்தால்தான் அழைப்பார்கள். 2009இல் மோதிய இரண்டிலும் சேதமாகாத பெட்டிகளைச் சேர்த்து ஓடவிட்டபோது அதற்கு டீல் (நீலப்பச்சை நிறம்) என்று பெயர் வைத்தார்கள். பிங்க், பர்ப்பிள் இரண்டையும் அதன்பின் எந்த ரயிலுக்கும் கொடுக்கவில்லை. புது ரயில்கள் வரும்போதும் அந்த இரண்டு நிறங்களை அப்படியே விட்டுவைக்கட்டும்.