மூன்று வாரத்தில் வாய் பிளந்த ஷூ

கேள்வி: பள்ளி திறக்கும் முன் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் மகனுக்குக் கறுப்பு ஷூ வாங்கினேன். மூன்று வாரத்தில் சோல் முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. "தண்ணி பட்டிருக்கும், நாங்க பொறுப்பில்லம்மா" என்கிறார் கடைக்காரர். பில்லிலும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருக்கிறது. கம்பெனியில் சோதித்துத்தானே அனுப்புவார்கள்?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: முதலில், தையல் போடக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா, சான்று போய்விடும். பிளந்த இடத்தை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். சொல்யூஷன் (ஒட்டும் பசை) முழுக்க ஒரு பக்கமே தங்கி, மறுபக்கம் வழவழவென்று இருந்தால், ஒட்டும் முன் அந்தப் பரப்பைச் சரியாக உரசவில்லை, அல்லது எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவில்லை. இரண்டு பக்கமும் பசை இருந்தும் பிடிக்காமல் பிரிந்திருந்தால், பசை அளவுக்கு மேல் காய்ந்திருக்கும். இல்லையேல் சூடேற்றியதிலோ அழுத்தியதிலோ குறை. இரண்டுமே தயாரிப்பில் நேர்ந்த கோளாறைத்தான் காட்டும். போட்டோ எடுத்து வையுங்கள்.

சோதித்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்பினால் இதைப் பிடிக்க முடியாது. பெட்டிக்குள் போகும்போது நல்ல ஜோடியும் கெட்ட ஜோடியும் ஒன்றுபோலத்தான் மின்னும். அதனால்தான் எஃப்எம்இஏ என்ற முறை இருக்கிறது. ஒவ்வொரு வேலையிலும் என்ன தவறலாம் என்று முன்கூட்டியே எழுதி, பாதிப்பின் கடுமை, நேரும் வாய்ப்பு, கண்டுபிடிப்பதிலுள்ள சிரமம் மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குவார்கள். ஓர் உதாரணத்துக்கு, நூல் பிசிறு 2, 6, 2 என்றால் 24தான், பார்த்ததும் தெரிந்துவிடும். சோல் பிரிவது அதைவிடக் குறைவாக நேர்ந்தாலும் 8, 4, 8 என்று 256 வந்து நிற்கும். அங்கேதான் காவல் போட வேண்டும்: பசை காயும் நேரத்துக்குக் கடிகாரம், தொகுதிக்குச் சில ஜோடிகளின் சோலை இழுத்துப் பிரித்துப் பார்க்கும் சோதனை. அந்த ஜோடிகள் பாழாகும்தான். அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு, நஷ்டத்தை உங்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

குறையுள்ள பொருளுக்கு அந்த பில் வரி எடுபடாது. பில்லில் கெடு குறிப்பிடாதபோது, 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடைக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேலே மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பெட்டியிலுள்ள தயாரிப்பாளர் பெயரையும் எதிர்தரப்பில் சேருங்கள்.